பபிள் டீயின் முத்துகள்: ஒரு கிழங்கு கடந்து வந்த வழி

பபிள் டீயை வீட்டிலேயே செய்து பார்க்க முனையும் இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் முதல் முயற்சி ஏறத்தாழ ஒரே விதமாக முடிகிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் ஜவ்வரிசியை வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, குளிர்ந்த பால் தேநீரில் இடுகிறார்கள். சற்று நேரத்தில் குவளையின் அடியில் பாயசத்தின் மிச்சம் போன்றதொரு குழைவு தங்கிவிடுகிறது. கடையில் அருந்தியபோது பல்லில் இழுபட்ட கருமுத்துகள் அங்கே இல்லை. இத்தனைக்கும் ஜவ்வரிசியும் அக்கருமுத்தும் ஒரே மரவள்ளிக் கிழங்கின் மாவால் ஆனவை. இரண்டையும் வேறுபடுத்துவது செய்முறை ஒன்றே. அச்செய்முறையின் ஒவ்வொரு படியும் உலகின் ஒவ்வொரு மூலையில், பெரும்பாலும் பெயர் தெரியாத மனிதர்களால் கண்டறியப்பட்டது.

இப்பானம் தைவானில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. எந்தக் கடையில் பிறந்தது என்பதில்தான் வழக்கு. தைனான் நகரில் ஹான்லின் தேநீரகத்தை நிறுவிய து த்சோங்-ஹே, 1986ஆம் ஆண்டு அந்நகரின் யாமுலியாவ் சந்தையில் விற்கப்பட்ட வெண்ணிற மாவுருண்டைகளைக் கண்டு, அவற்றைத் தேநீரில் இட்டதாகக் கூறினார். முத்துப் போலத் தோன்றியமையால் முத்துத் தேநீர் என்று பெயர் வந்ததாம். தைச்சுங் நகரின் சுன் ஷுயி தாங் தேநீரகமோ வேறொரு கதையைச் சொன்னது. 1980களின் பிற்பகுதியில் நடந்த ஊழியர் கூட்டமொன்றில், லின் சியூ-ஹுய் என்னும் பெண் அலுவலர் தம் இனிப்பிலிருந்த உருண்டைகளைக் குளிர்ந்த தேநீரில் கொட்டிக் குடித்ததே தொடக்கம் என்பது அதன் கூற்று. இரு தரப்பும் பத்தாண்டுகள் வழக்காடின. 2019இல் வழக்கு முடிவுற்றபோது நீதிமன்றம் எவருக்கும் உரிமை வழங்கவில்லை. முத்துத் தேநீர் காப்புரிமை பெற்ற பொருள் அன்று; அதை எவரும், எந்தக் கடையும் செய்யலாம்; ஆகவே முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்க வேண்டிய தேவையில்லை என்று அது கருதியது.

சட்டத்தின் நோக்கில் இது போதுமான விடை. வரலாற்றின் நோக்கில் வினா இங்குதான் தொடங்குகிறது. இரு தேநீரகங்களின் கூற்றையும் அப்படியே ஏற்றாலும், அவர்கள் செய்தது முன்பே இருந்த ஒன்றை முன்பே இருந்த மற்றொன்றில் இட்டதே. குளிர்ந்த தேநீரும் இருந்தது, மாவுருண்டையும் இருந்தது. அவ்விரண்டும் தைவானுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன?

தேநீரின் கதை ஒப்பீட்டளவில் சுருக்கமானது. தைவானின் வடபகுதியில் பிரித்தானிய வணிகர் ஜான் டாட், சீன வணிகர் லீ சுன்ஷெங்குடன் இணைந்து ஊலாங் தேயிலையை வளர்த்து, 1869இல் நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார். 1895 முதல் 1945 வரை தீவை ஆண்ட ஜப்பானியர் கருந்தேயிலை வணிகத்தில் பங்கு பெற விரும்பினர். அதற்கு ஏற்ற பேரிலை இனம் இந்தியாவின் அசாமில் இருந்தது. 1920களின் நடுவில் அசாம் தேயிலை தைவானின் மையப் பகுதியில், சன் மூன் ஏரிக்கு அருகிலுள்ள யூச்சியில் பயிரிடப்பட்டது. பால் சேர்த்தாலும் சுவை மங்காத கருந்தேநீர் அத்தீவுக்குப் பழக்கமானதில் இவ்விந்தியச் செடிக்குப் பங்குண்டு. 1980களில் தேநீரகங்கள் பனிக்கட்டியும் சர்க்கரைப் பாகும் சேர்த்துத் தேநீரைக் குலுக்கி நுரைக்க வைத்தன. பபிள் என்ற சொல் தொடக்கத்தில் அந்த நுரையையே குறித்தது. உருண்டைகள் அப்பெயரைப் பின்னரே தமதாக்கிக் கொண்டன.

முத்தின் கதை நீண்டது. அதில் நஞ்சும் பசியும் கலந்திருக்கின்றன.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான் படுகையின் தென்மேற்குப் பகுதியில் அது பயிராக்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. டாப்பியோக்கா என்ற சொல்லே பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து வந்தது. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் ஹோயா தே செரென் என்னும் ஊர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. அச்சாம்பலுக்கு அடியில் மரவள்ளி நட்ட பாத்திகளின் வடிவத்தை அகழாய்வாளர்கள் 2007இல் கண்டனர். அவ்வளவு பழைய உணவுப் பயிர் இது. ஆனால் இக்கிழங்கை வெறுமனே பறித்து உண்ண இயலாது. அதில் லினமாரின் என்னும் பொருள் உண்டு. கிழங்கு நறுக்கப்படும்போதோ நசுக்கப்படும்போதோ அதிலிருந்து சயனைடு வெளிப்படுகிறது. கசப்பு வகைகளில் இந்நஞ்சு மிகுதி.

அமேசான் மக்கள், குறிப்பாகப் பெண்கள், இதற்கு வழி கண்டனர். கிழங்கைத் துருவினர், நாரால் முடைந்த நீண்ட குழாய்ப் பையில் திணித்து இழுத்துச் சாற்றைப் பிழிந்தனர், மீதியைச் சூடான தட்டில் வறுத்தனர். பிழிந்த சாறு தெளிந்தபின் அடியில் வெண்ணிறமாகப் படிந்த மாவே டாப்பியோக்கா. நஞ்சு நீரில் கரைந்து போய்விடும். மாவு நீரில் கரையாமல் படியும். இவ்வெளிய உண்மையின் மீதே இன்றுவரை மரவள்ளி மாவுத் தொழில் முழுவதும் நிற்கிறது. பபிள் டீயைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரைச் சுட்டத்தான் வேண்டுமென்றால், அந்தப் படிவை முதன்முதலில் விரலால் வழித்தெடுத்துச் சுட்டுப் பார்த்த கையையே சுட்ட வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மரவள்ளியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். வறட்சியைத் தாங்கும், வளமற்ற மண்ணிலும் விளையும், வேண்டும்போது மட்டும் தோண்டிக்கொள்ளலாம். இவ்வியல்புகளால் அது பல கோடி மக்களின் அன்றாட உணவாயிற்று. நஞ்சகற்றும் முறைகளும் ஊர்தோறும் உருவாயின. ஊறவைத்தல், புளிக்கவைத்தல், வெயிலில் உலர்த்துதல் ஆகியவற்றுக்குப் பல நாள்கள் ஆகும். பஞ்சத்திலும் போரிலும் அந்நாள்களைக் காத்திருக்க வயிறு இடம் கொடாது. முறை சுருக்கப்பட்ட இடங்களில் கால்கள் விறைத்து, மீளாத முடக்கத்தைத் தரும் ஒரு நோய் தோன்றியது. 1938இல் பெல்ஜியக் காங்கோவில் ட்ரோலி என்னும் மருத்துவர் அதைப் பதிவு செய்தார். அங்குள்ள யாக்கா மக்கள் அதைக் கட்டுண்ட கால் என்னும் பொருளில் கொன்சோ என்றனர். 1981இன் வறட்சியில் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளாயினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செடி மட்டும் வந்தால் போதாது. அதை உணவாக்கும் முறையும், அம்முறையைப் பொறுமையுடன் கடைப்பிடிக்கும் வாய்ப்பும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

இந்தியாவுக்கும் போர்த்துக்கீசியர் வழியாகவே, மலபார்க் கரையில் 17ஆம் நூற்றாண்டளவில் மரவள்ளி வந்ததாகக் கருதப்படுகிறது. நெடுங்காலம் அது வேலியோரச் செடியாகவே இருந்தது. அதை மக்களின் உணவாக மாற்றியதில் திருவிதாங்கூர் அரசர்களுக்குப் பங்குண்டு. அவர்களுள் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா சிறப்பாகக் குறிப்பிடப்படுகிறார். தாவரவியலில் ஈடுபாடு கொண்டிருந்த அவர் நல்ல வகைகளை வரவழைத்துப் பரப்பினார். கிழங்கில் நஞ்சுண்டு என்று மக்கள் அஞ்சியதாகவும், அச்சத்தைப் போக்க அதை அரண்மனை உணவில் சேர்க்கச் செய்ததாகவும் ஒரு செவிவழிக் கதை கேரளத்தில் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்னும் விதி ஒவ்வொரு மலையாள அடுக்களையிலும் நிலைத்தது. நஞ்சு பற்றிய அறிவு ஒரு சமையல் பழக்கமாக மாறிவிட்டது.

அப்பழக்கத்தின் அருமை 1942இல் தெரிந்தது. ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இறக்குமதி அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் கடும் பஞ்சம் நேர்ந்தது. ஏழைகளின் வயிற்றில் அரிசி இருந்த இடத்தைக் கப்பைக் கிழங்கு நிரப்பியது. விடுதலைக்குப் பின் 1963இல் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆய்வு நிறுவனம் திருவனந்தபுரத்தில் அமைந்ததற்குப் பின்னால் இந்தப் பசியின் நினைவும் உண்டு.

கிழங்கு இவ்வாறு உணவாகிக் கொண்டிருந்த காலத்தில், மாவை உருண்டையாக்கும் கலை வேறொரு கடலோரத்தில் வளர்ந்து வந்தது. அதன் முதற்பொருள் மரவள்ளி அன்று. தென்கிழக்காசியச் சதுப்புகளில் வளரும் சாகு என்னும் பனையினம். அதன் தண்டைப் பிளந்து உள்ளிருக்கும் சோற்றை நீரில் கரைத்து மாவெடுப்பர். மரத்திலிருந்து மாவெடுக்கும் இவ்வழக்கத்தை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சுமத்திராவில் கண்டு வியந்து எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் இருந்த சீனத் தொழிலாளர் அம்மாவைச் சிறு மணிகளாக உருட்டி, இரும்புச் சட்டியில் வறுத்து, உலகச் சந்தைக்கு அனுப்பினர். பின்னர் மலாக்காவில் சீனர்கள் மரவள்ளியைப் பரந்த அளவில் பயிரிட்டபோது, சாகுவுக்குரிய அதே முறை மரவள்ளி மாவுக்கும் பொருத்தப்பட்டது. பொருள் மாறியது, வடிவமும் பெயரும் மாறவில்லை.

கல்கத்தா, பம்பாய், சென்னைத் துறைமுகங்களில் வந்திறங்கிய இம்மணிகளுக்கு இந்திய மொழிகள் தத்தம் பெயரை வைத்துக்கொண்டன. சாகு என்னும் மலாய்ச் சொல் வங்கத்தில் சாபு ஆயிற்று. இந்தியிலும் மராத்தியிலும் மணி என்று பொருள்படும் சொல்லொன்று சேர்ந்து சாபுதானா ஆயிற்று. தமிழில் ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி என மருவியது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். வங்க வீடுகளில் அது காய்ச்சல் கண்டவர்க்குரிய கஞ்சியாயிற்று. மராட்டியத்திலும் குஜராத்திலும் ஏகாதசி, நவராத்திரி நோன்புகளின் உணவாயிற்று. தானியமும் பருப்பும் விலக்கப்படும் நோன்பில் கிழங்கும் கனியும் ஏற்கப்படும் ஆதலின், தானியம் போலவே தோன்றினும் தானியமல்லாத இம்மணிக்கு அங்கே எளிதில் இடம் கிடைத்தது. கொலம்பசுக்கு முன் இந்தியா அறிந்திராத ஒரு கிழங்கு, சில தலைமுறைகளுக்குள் வழிபாட்டு நாளின் தூய உணவாக மாறியதை, சமயப் பழக்கங்களின் நெகிழ்வுக்கு ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போரில் மலாயாவும் ஜாவாவும் ஜப்பானியர் வசமானதும் இம்மணிகளின் வரவும் நின்றது. பர்மா அரிசி நின்றதால் திருவிதாங்கூரில் கிழங்கு சோறாயிற்று என்றால், சிங்கப்பூர் மணிகள் நின்றதால் சேலத்தில் கிழங்கு ஒரு தொழிலாயிற்று. வணிகத்துக்காகக் கேரளம் சென்று வந்த சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவு எடுப்பதில் முனைந்தார். மலாயாவில் இருந்து வந்தவரும் ஜவ்வரிசி செய்யும் முறை அறிந்தவருமான போபட்லால் ஷா அவருடன் சேர்ந்தார். 1943இல் எளிய கருவிகளைக் கொண்டு அங்கே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். குச்சிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, திப்பியை ஒதுக்கி, படிந்த ஈரமாவைத் துணியில் இட்டுத் தூளிபோல் ஆட்டுவார்கள். மாவு தானே திரண்டு மணியாகும். அம்மணிகளைச் சலித்து, எண்ணெய் தடவிய சூடான தகட்டில் வறுத்து, வெயிலில் காயவைப்பார்கள். பின்னாளில் இவ்வேலைகளை இயந்திரங்கள் ஏற்றன. ஆலைகள் பெருகின; 1981இல் உற்பத்தியாளர்களுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் உருவானது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வட இந்திய நோன்பு நாள்களின் கிச்சடிக்குச் சேலத்தின் களங்களில் காய்ந்த மணிகளே பெருமளவில் செல்கின்றன.

இனி அடுக்களைக்குத் திரும்பலாம். முதல் முயற்சி ஏன் குழைந்தது என்பது இப்போது விளங்கும். ஜவ்வரிசி கஞ்சிக்கும் பாயசத்துக்கும் கிச்சடிக்கும் ஏற்றவாறு சமைந்த மணி. மாவு ஜவ்வரிசியில் வறுத்த சூட்டால் மேற்பரப்பு மட்டும் சிறிது வெந்து, மணியைப் பிடித்து வைத்திருக்கும். நீரில் நெடுநேரம் கொதித்தால் அப்பிடிப்பு தளர்ந்து கரையும். நைலான் ஜவ்வரிசி ஆவியில் வெந்தது என்பதால் ஓரளவு முழுமையாக நிற்கும். ஆயினும் அதன் சிறிய உருவம் பல்லுக்கு வேலை தராது. தைவானின் முத்தோ உள்ளும் புறமும் ஒரே பதமாகப் பிசைந்து உருட்டப்படுவது. அரை மணி நேரக் கொதியைத் தாங்குமாறு அமைந்தது.

வீட்டில் அதைச் செய்ய 100 கிராம் மரவள்ளி ஸ்டார்ச்சும், 50 கிராம் நாட்டுச் சர்க்கரையும், 60 மில்லி நீரும் போதும். சர்க்கரையை நீரில் கரைத்துக் கொதிக்க விட வேண்டும். கொதிக்கும் பாகில் மாவில் மூன்றிலொரு பங்கை இட்டுக் கிளறினால் பசை போலத் திரளும். அடுப்பிலிருந்து இறக்கி, மீதி மாவைச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். கோதுமையில் உள்ள பசைப்புரதம் மரவள்ளியில் இல்லை. ஆகவே குளிர்ந்த நீரில் பிசைந்தால் மாவு சேராது. கொதிப்பாகில் வெந்த அந்த ஒரு பங்கே ஏனையவற்றை ஒட்டவைக்கிறது. சேலத்தில் வறுசட்டியின் சூடு செய்த வேலையை இங்கே பாகின் சூடு செய்கிறது. பிசைந்ததை நீளமாக உருட்டி, சுண்டைக்காயினும் சற்றுச் சிறிதாக நறுக்கி, உருண்டையாக்கி, ஒட்டாதிருக்க உலர்மாவு தூவ வேண்டும். நிறைய நீரில் 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடியிட்டு அதே அளவு நேரம் விட்டு, குளிர்ந்த நீரில் அலசிப் பாகில் ஊறவைத்தால் முத்து கண்ணாடிபோல் மின்னும்.

அந்த மின்னலுக்கும் இழுவைக்கும் காரணம் மாவின் இயல்பிலேயே உள்ளது. மரவள்ளி மாவில் அமைலோஸ் ஏறத்தாழ ஆறிலொரு பங்கே. மீதி கிளைத்து விரியும் அமைலோபெக்டின். அதனால் வெந்தபின் தெளிவும் நெகிழ்வும் கிடைக்கின்றன. ஆனால் குளிரில் வைத்தால் மாவின் இழைகள் மீண்டும் நெருங்கி இறுகிவிடும். செய்த முத்தைச் சில மணி நேரத்துக்குள் அருந்திவிட வேண்டும் என்று தேநீரகங்கள் வற்புறுத்துவது இதனால்தான். மறுநாளைக்கு எடுத்து வைக்கும் பண்டமன்று இது.

இக்குறையை வேதிப்பொருளால் கடக்க முயன்றவர்களும் உண்டு. தொழிற்பயன்பாட்டுக்குரிய மலியிக் நீரிலி கலந்து பதப்படுத்திய மாவு உணவுப் பொருள்களில் சேர்ந்திருந்தது 2013இல் தைவானிலேயே வெளிப்பட்டது. தேநீர் முத்து உள்ளிட்ட பல பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மொசாம்பிக்கில் செய்முறையைச் சுருக்கியது பசி. தைவானில் சுருக்கியது ஆதாயம். இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துவது நேர்மையாகாது. எனினும் மரவள்ளி தொடர்பான அடிப்படைப் பாடம் ஒன்றே: அதன் நன்மை கிழங்கில் பாதி, கையாளும் முறையில் பாதி.

நீதிமன்றம் விடை கூறாது விட்ட வினாவுக்கு வரலாறும் ஒற்றைப் பெயரை விடையாகத் தரவில்லை. துருவிப் பிழிந்த அமேசான் பெண்களும், மணி உருட்டிய மலாக்காவின் சீனத் தொழிலாளரும், கொதிநீரை வடித்துக் கொட்டிய திருவிதாங்கூரின் ஏழைகளும், துணித்தூளியை ஆட்டிய சேலத்துக் கைகளும் எந்த வழக்கிலும் வாதிகளாக நிற்கவில்லை. அவர்களில் பலர் தேநீரையே அருந்தியிருக்க மாட்டார்கள். வீட்டு அடுக்களையில் சூடான மாவைப் பிசைந்து, உருட்டி, வேகும்வரை காத்திருப்பவர் அவர்கள் செய்த வேலையில் ஒரு பகுதியைத் தாமும் செய்கிறார். முதல் முறை குழைந்துபோனால் வருந்த வேண்டியதில்லை. அக்குழைவில் பால் சேர்த்துக் காய்ச்சினால் ஜவ்வரிசிப் பாயசம் தயார்.